ஆய்லரும் அவர் ஆராய்ந்த பேரெண்ணும்

இரண்டை முப்பத்தொரு தடவை வைத்துப் பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் குறைத்தால் 214,74,83,647 என்னும் எண் கிடைக்கும். இது பகா எண்ணோ, அன்றிப் பிற எண்களால் வகுபடுவதோ? 1772ஆம் ஆண்டில் இவ்வினாவிற்கு விடை கண்டவர், ஏறக்குறைய முற்றும் கண்ணொளி இழந்திருந்த ஒரு முதியவர். லியோனார்டு ஆய்லர் என்னும் அப்பெரியாரின் சரிதத்தைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

1707ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள பாஸெல் நகரில் ஆய்லர் பிறந்தார். தந்தையார் ஒரு போதகர். மைந்தனும் அத்தொண்டே பூணவேண்டுமென விரும்பினார். ஜோஹான் பெர்னூலி என்னும் கணிதப் பேராசிரியர் இடைப்புகுந்து அவர் மனத்தை மாற்றினார். 1727இல் ஆய்லர் ருஷியாவிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்றார். 1738இல் வலக்கண் ஒளி குன்றியது. 1741 முதல் பெர்லினில் வாழ்ந்து, 1766இல் பீட்டர்ஸ்பர்க்கிற்கே மீண்டார். விரைவில் மற்றைக் கண்ணையும் புரை மறைத்தது. 1771இல் நடந்த சிகிச்சை நிலைத்த பயன் தரவில்லை. அவ்வாண்டிலேயே வீடும் தீக்கிரையாயிற்று. அதற்கடுத்த ஆண்டில்தான் நாம் மேற்கூறிய எண்ணின் செய்தி வெளிவந்தது.

அவ்வெண் பகா எண்ணே என்று மெர்ஸேன் என்னும் பிரெஞ்சுத் துறவி 1644இலேயே உரைத்திருந்தார். ஆயினும் நிரூபணம் தந்தாரில்லை. பெரியோர் சொல்லாயினும் சோதித்தறிதல் வேண்டுமென்பதை ஆய்லர் இளமையிலேயே அறிந்தவர். பெர்மா என்னும் மேதை பகா எண்ணென நம்பிய 429,49,67,297, 641ஆல் மீதியின்றி வகுபடுதலை 1732இல் அவரே வெளியிட்டிருந்தார்.

நேர்வழியிற் சென்றால், 46,340 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும்; அவை நாலாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்டவை. ஆய்லரோ, இவ்வெண்ணை வகுக்கவல்ல பகா எண் எதுவாயினும், அதனை 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதியாக நிற்றல் வேண்டுமெனத் தெளிந்தார். அதனால் சோதிக்கவேண்டியவை நூற்றுக்கும் குறைந்தன. அவற்றுள் முதலாவது 311. மாணவ நண்பர்கள் வகுத்துப் பார்ப்பின் 35 மீதி நிற்கும். ஏனையவும் இவ்வாறே மீதி விட்டன. எண் பகா எண்ணே என்பது உறுதியாயிற்று.

இதனோடு ஒரு நிறைவெண்ணும் கிட்டியது. நிறைவெண்ணாவது, தன்னையொழிந்த தன் காரணிகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாவது. 6 அத்தகையது, 1, 2, 3 கூடின் 6 ஆதலின். யூக்ளிட் வகுத்த விதிப்படி நம் பகா எண்ணிலிருந்து பிறப்பது 2305843008139952128. நிறைவெண் வரிசையில் இது எட்டாவது. இதனினும் பெரிய நிறைவெண்ணை எவரும் காணப்போவதில்லை, இவை பயனற்றவையாதலின் தேடுவாருமிரார் என்று பார்லோ என்பவர் 1811இல் எழுதிவைத்தார். துணிவுதான்! 1876இல் லூக்கா என்பவர் 39 இலக்கமுடைய ஒரு பகா எண்ணை நிறுவ, அதனின்றும் மிகப் பெரிய நிறைவெண் ஒன்று கிடைத்தது. 32 இருமை இலக்கங்களில் குறியோடு எண்களைக் கொள்ளும் கணிப்பொறிகளுக்கு 214,74,83,647 மேலெல்லையாக அமைந்ததைப் பார்லோ கண்டாரில்லை.

ஆய்லர் பின்னும் பதினோராண்டு வாழ்ந்து, பிறர் எழுதத் தாம் சொல்லி நூல்கள் பல இயற்றினார். 1783ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், புதிதாய்க் காணப்பட்ட யுரேனஸ் கிரகத்தின் பாதையைக் குறித்து உரையாடியபின், பேரனோடு விளையாடிக்கொண்டிருக்கையில் நினைவிழந்து, அன்றிரவே உயிர் நீத்தார்.