நிழலுக்கும் நிறம் தந்தவர்

வின்சென்ட் வான்கோ என்றால் காதை அறுத்துக்கொண்டவர் என்றுதான் பலரும் சொல்வர். அந்த மனிதரின் உழைப்பைப் பற்றியே நான் இங்கு எழுத விரும்புகிறேன்.

அவர் 1853-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் நெதர்லாந்தின் சுண்டெர்ட் எனும் சிற்றூரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஓவியக் கடை ஊழியர், ஆசிரியர், சமய ஊழியர் எனப் பல வேலைகள் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. 27-ஆம் வயதில்தான் ஓவியமே தம் வழி என முடிவெடுத்தார். தம்பி தியோ அனுப்பிய பணமே அவருக்குச் சோறு போட்டது.

1885-இல் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’ இருள் மண்டிய படம். அக்காலத்திலேயே எதிர் நிறங்களைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தார். சிவப்புக்குப் பச்சையும், நீலத்துக்கு ஆரஞ்சும், மஞ்சளுக்கு ஊதாவும் எதிர் நிறங்கள். அருகருகே வைத்தால் ஒன்றையொன்று ஒளிரச் செய்யும். கலந்தால் இரண்டுமே மங்கிவிடும். அருகிலுள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் 1839-இலேயே நூலாக எழுதியிருந்தார்.

1886-இல் வான்கோ பாரிஸ் சென்றார். பல நிறக் கம்பளி நூல்களை உருண்டைகளாகச் சுற்றி, எந்த நிறம் எதனுடன் சேரும் எனச் சோதித்தார். அந்த உருண்டைகள் வைத்த பெட்டியை ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகம் இன்றும் பாதுகாக்கிறது. ஆள் அமர்த்தக் காசில்லாததால் தம் முகத்தையே வரைந்தார்.

1887-இல் சாம்பல் நிறத் தொப்பியுடன் தம்மை வரைந்த படம் எனக்கு மிகவும் பிடித்தது. தாடியில் சிவப்பும் பச்சையும், பின்புறத்தில் நீலமும் ஆரஞ்சும் கோடு கோடாக நிற்கின்றன. கன்னம் வளையும் வழியிலேயே கோடுகளும் வளைகின்றன. கருப்பைப் பூசி நிழலிடாமலேயே முகம் திரண்டு வருகிறது.

1888-இல் ஆர்ல் நகரில் சூரியகாந்திகளை வரைந்தார். ஆண்டிறுதியில் மனநோய் தாக்கியது. மருத்துவமனையிலும் தூரிகையை அவர் விடவில்லை. 1890 ஜூலை 29-ஆம் நாள், 37-ஆம் வயதில் மறைந்தார். ஆறு மாதத்தில் தியோவும் இறந்தார். தியோவின் மனைவி யோ ஓவியங்களையும் கடிதங்களையும் காத்து உலகறியச் செய்தார்.

பத்தே ஆண்டுகளில் 850-க்கும் மேற்பட்ட எண்ணெய் ஓவியங்கள்! பித்துப் பிடித்தவரின் கிறுக்கல் என்று அவற்றை ஒதுக்குவோரிடம் அந்தக் கம்பளி உருண்டைகளைப் பற்றிச் சொல்லுங்கள். நண்பர்களே, கற்கத் தொடங்க 27 வயது தாமதமல்ல என்பதற்கும் அவையே சான்று.