விடுதலை கொடுத்த ரேந்தை

1819-ல் கணவர் சார்லஸ் மால்ட்டோடு நாகர்கோவிலுக்கு ஊழியத்துக்கு வந்தவர் மார்த்தா மால்ட் அம்மையார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். மாதிரித் தாளைத் தலையணை மேல் வைத்து ஊசி குத்தணும். கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றி முறுக்கணும். ஒரு இழை தப்பினாலும் பூ கெட்டுப்போகும்.

திருவிதாங்கூரில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்னமே, அடிமைகளாயிருந்த பிள்ளைகள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்து, எஜமானுக்குக் கிரயம் கட்டித் தங்களை மீட்டுக்கொண்டார்கள்! அம்மையாரின் மகள் எலைசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, இதே வேலையை இடையன்குடியிலும் கற்றுக்கொடுத்தார்.

அம்மையார் கையில் இருந்தது வெறும் நூல்தான். சகோதரியே, உங்க கையில் என்ன இருக்குது? அதைக் கர்த்தரிடம் கொடுங்க. அல்லேலூயா!