ஊருக்கெல்லாம் அப்பா! காந்தி மகன் மணிலாலின் கதை

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில், கடற்கரையில் விளையாடும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் பார்ப்பதில்லை. பசித்தால் பக்கத்து வீட்டில் சோறு. குறும்பு செய்தால் எதிர்வீட்டுப் பெரியவர் அதட்டுவார். ஆனாலும் பொழுது சாய்ந்தால் அது தன் தாயிடம் ஓடிவிடும். கடலில் இருந்து கரை திரும்பும் அப்பா, அதன் அப்பாதான்.

பெற்ற தகப்பனே ஊருக்கெல்லாம் தகப்பன் ஆகிவிட்டால்? அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்?

மகாத்மா காந்தியின் இரண்டாவது மகன் மணிலால் பட்ட பாடு அது.

ஒரே அடுப்பு

மணிலால் 1892-ம் ஆண்டு பிறந்தார். அவருக்கு 12 வயதானபோது, தென் ஆப்பிரிக்காவில் டர்பன் நகருக்கு 14 மைல் தூரத்தில் காந்தி 100 ஏக்கர் நிலம் வாங்கினார். அதுதான் பீனிக்ஸ் குடியிருப்பு. "இந்தியன் ஒப்பினியன்" பத்திரிகையின் அச்சுக்கூடமும் அங்கேதான்.

1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. இது 1,100 ஏக்கர். காந்தியின் நண்பர் காலன்பாக் கொடுத்த இடம். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. தமிழர், தெலுங்கர், குஜராத்திகள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள். அனைவருக்கும் ஒரே சமையல். ஒரே பந்தி.

வாத்தியாரும் காந்திதான்! அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தாம் அரைகுறையாகக் கற்ற தமிழை அவரே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இரவில், திறந்த தாழ்வாரத்தில் அவரைச் சுற்றிப் பிள்ளைகள் படுத்துக் கொள்வார்கள். அவர்களில் காந்தியின் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கென்று தனி இடம் இல்லை.

முரட்டுப் பிள்ளைகளோடு பழகினால் உங்கள் மகன்கள் கெட்டுவிட மாட்டார்களா என்று காலன்பாக்கே கவலைப்பட்டார். என் பிள்ளை, ஊரார் பிள்ளை என்று பிரித்துப் பார்க்க முடியாது என்று காந்தி சொல்லிவிட்டார்.

அதே 1910-ல்தான் பாலஸ்தீனத்தில் யூதர்களின் முதல் கூட்டுக் குடியேற்றமும் தோன்றியது. பிற்காலத்தில் அத்தகைய ஊர்களில் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்துத் தனி விடுதியில் தூங்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் மனத்தை ஆராய நிபுணர்கள் பலர் போனார்கள். மணிலாலின் மனத்தை அன்று யார் ஆராய்ந்தார்கள்?

ஏக்கம்

பள்ளிக்கூடப் படிப்பு வேண்டும் என்பது மகன்களின் ஆசை. காந்தி அனுப்பவில்லை. லண்டனில் ஒருவரைப் படிக்க வைக்க நண்பர் ஒருவர் பணம் தர முன்வந்தபோது, காந்தி தம் மகனை அனுப்பவில்லை. உறவுப் பையன் சகன்லாலை அனுப்பினார். நேர்மைதான். ஆனால், அந்த நேர்மைக்கு விலை கொடுத்தவர்கள் பிள்ளைகள்.

மூத்தவர் ஹரிலால் 1911-ல் தந்தையை விட்டுப் பிரிந்தார். மணிலால் பிரியவில்லை. தந்தையின் போராட்டத்திலேயே சிறைக்கும் போனார்.

1913-ல் பீனிக்சில் மணமான ஒரு பெண்ணுடன் மணிலாலுக்குத் தொடர்பு ஏற்பட்டது. காந்தி மகனை அடிக்கவில்லை. தாமே 7 நாள் பட்டினி கிடந்தார்! அடி வாங்கினால் வலி ஆறிவிடும். தன் தவறுக்காக அப்பா பட்டினி கிடப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது எப்படி ஆறும்? தந்தையின் அனுமதி இல்லாமல் திருமணம் செய்வதில்லை என்று மணிலால் விரதம் பூண்டார்.

1916-ல் இன்னொரு சோதனை. காந்தி அப்போது ஆமதாபாத்தில் ஆசிரமம் நடத்தி வந்தார். கஷ்டப்பட்ட அண்ணன் ஹரிலாலுக்கு, ஆசிரமப் பணத்தில் இருந்து மணிலால் உதவினார். ஆசிரமப் பணம் ஊர்ப் பணம்! சென்னைக்குப் போய், நெசவு செய்து பிழைக்கும்படி காந்தி அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

பிறகு மணிலால் பீனிக்சுக்கே திரும்பினார். 1920-ல் பத்திரிகையின் ஆசிரியர் ஆனார்.

33 வயதில் கேட்ட அனுமதி

1926-ல் கேப்டவுன் நகர முஸ்லிம் பெண் ஒருவரை மணக்க விரும்பினார். அப்போது அவருக்கு வயது 33. தந்தை இந்தியாவில், மகன் கடலுக்கு அப்பால். ஆனாலும் அனுமதி கேட்டார். காந்தி மறுத்துக் கடிதம் எழுதினார். மணிலால் அடங்கினார். அடுத்த ஆண்டு, தந்தை முடிவு செய்த சுசீலாவை மணந்தார்.

இவ்வளவு அடங்கியவர் கோழையா? இல்லை. 1930-ல் தண்டி யாத்திரையில் நடந்தார். தராசனா உப்பளத்தில் சரோஜினி நாயுடுவுடன் தொண்டர்களை நடத்திச் சென்று, சிறைப்பட்டார்.

பெரிய ஆச்சரியம் பின்னால்தான். 1940-களின் நடுவில், தம் மகன் அருணைத் தாத்தாவிடம் வளரும்படி சேவாகிராம ஆசிரமத்துக்கு அவரே அனுப்பினார்!

1948-ல் காந்தி மறைந்தார். அனுமதி கேட்க இனி ஆள் இல்லை. 1951-ல், வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிய இடங்களுக்குள் மணிலால் தன்னந்தனியாக நுழைந்தார். அடுத்த ஆண்டு, வெள்ளையரான பாட்ரிக் டங்கனுடன் ஜெர்மிஸ்டன் நகரில் நிறவெறிச் சட்டத்தை மீறிக் கைதானார். அப்போது அவருக்கு வயது 60.

1956 ஏப்ரலில் மணிலால் காலமானார். பத்திரிகையைச் சுசீலா 1961 வரை நடத்தினார்.