மதீனாவின் வைகறைக் குரல்: அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி)

சிறு வயதில் குர்ஆன் மத்ரஸாவில் அம்ம ஜுஸ்உவை மனனமிட்ட எவருக்கும் ஸூரா அபஸ நினைவிருக்கும். குர்ஆனின் 80ஆவது அத்தியாயமான அது 42 வசனங்களைக் கொண்டது. அதன் ஆரம்ப வசனங்கள் பார்வையற்ற ஒரு மனிதரின் காரணமாக இறங்கியவை என்று எங்களுக்கு ஓதித் தந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த மனிதர் யார், அந்த நாளுக்குப் பின் அவர் என்ன செய்தார், சமூகத்தில் அவருக்கு எந்த இடம் இருந்தது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. நானும் ஸூராவை மட்டுமே அறிந்திருந்தேன். அவருடைய வரலாற்றைத் தேடி வாசித்தபோதுதான், நாம் அறிந்திருந்தது அவருடைய வாழ்வின் முதல் பக்கத்தை மட்டுமே என்பது விளங்கியது.

அவருடைய பெயரை மதீனாவாசிகள் அப்துல்லாஹ் என்றும், ஈராக் தேசத்தவர் அம்ர் என்றும் குறிப்பிட்டுள்ளனர். ஆனாலும் தாயாரின் பெயரால் இப்னு உம்மி மக்தூம் என்றே அவர் வரலாற்றில் அறியப்படுகிறார். மக்தூம் என்ற அறபுச் சொல்லுக்கு மறைக்கப்பட்டது என்று பொருள். மக்காவில் குறைஷிக் குலத்தில் பிறந்த அவர், அன்னை கதீஜா (ரழி) அவர்களின் தாய்மாமனான கைஸ் என்பவரின் மகன். எனவே நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்கு அவர் அந்நியர் அல்லர். இஸ்லாத்தின் ஆரம்ப நாட்களிலேயே அதனை ஏற்றுக்கொண்டோரில் அவரும் ஒருவர். செல்வமும் ஆள்பலமும் வாள்வீச்சுமே ஒருவரின் மதிப்பைத் தீர்மானித்த அந்தச் சமூகத்தில், கண் தெரியாத ஒருவருக்குப் பெரிய இடம் எதுவும் இருக்கவில்லை.

ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்கள் சிலருடன் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டால் அவர்களைப் பின்பற்றிப் பலர் வருவார்கள் என்பது நபியவர்களின் எதிர்பார்ப்பு. அந்த நேரத்தில் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் வந்து, தமக்கு மார்க்கத்தைக் கற்றுத் தருமாறு கேட்டார்கள். அங்கே யார் இருக்கிறார்கள், என்ன பேச்சு நடக்கிறது என்பதை அவர்களால் பார்க்க முடியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பேச்சு இடையில் தடைப்பட்டதால் நபி (ஸல்) அவர்களின் முகம் கடுகடுத்தது. அவர்கள் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்போதுதான் ஸூரா அபஸவின் வசனங்கள் இறங்கின. தம்மைத் தேவையற்றவராகக் கருதும் செல்வந்தனுக்கு முகம் கொடுத்து, இறையச்சத்தோடு தேடி வந்தவரைப் புறக்கணித்தது சரியல்ல என்று அல்லாஹுத் தஆலா தன் தூதரைக் கண்டித்தான்.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நபியவர்களின் முகம் மாறியதை இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் காணவில்லை. காணாத ஒன்றுக்காக அவர்கள் மனம் நோக வழியில்லை, முறையிடவும் வழியில்லை. அப்படியிருந்தும் அது கண்டிக்கப்பட்டது. தனக்குத் தெரியாமல் ஒருவர் ஒதுக்கப்பட்டாலும் அது ஒதுக்குதல்தான். அந்தக் கண்டிப்பை நபி (ஸல்) அவர்கள் மறைக்காமல் மக்களுக்கு ஓதிக் காட்டினார்கள். இன்று வரை உலகெங்கும் தொழுகையில் அது ஓதப்படுகிறது. அதற்குப் பின் நபியவர்கள் அவரை மிகவும் கண்ணியப்படுத்தி வந்தார்கள். அந்தக் கண்ணியம் வெறும் வார்த்தைகளில் இருக்கவில்லை. கொடுக்கப்பட்ட பொறுப்புகளில் இருந்தது.

முதலாவது பொறுப்பு மதீனாவில் தொடங்கியது. 622ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவை அடைவதற்கு முன்பே அங்கு சென்று மக்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் முஸ்அப் இப்னு உமைர் (ரழி). மற்றவர் இப்னு உம்மி மக்தூம் (ரழி). மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையில் சுமார் 450 கிலோமீற்றர் தூரம். அந்தப் பாலைவனப் பாதையைக் கடந்து, தெரியாத ஓர் ஊருக்குப் போய், பார்வையற்ற ஒருவர் ஆசிரியரானார். குர்ஆன் நெஞ்சில் சுமக்கப்பட்ட காலம் அது. மனனத்துக்கும் ஓதலுக்கும் கண்கள் தேவைப்படவில்லை.

மதீனாவில் நபியவர்களின் பள்ளிவாசலில் இரண்டு முஅத்தின்கள் இருந்தார்கள். ஒருவர் பிலால் (ரழி) அவர்கள். அவரை எல்லோருக்கும் தெரியும். இரண்டாமவர் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள். ரமழானில் வைகறைக்கு முன் இரண்டு பாங்குகள் சொல்லப்பட்டன. பிலாலின் பாங்கு இரவு முடியும் முன்பே ஒலிக்கும். தூங்குபவர்கள் எழவும், நின்று வணங்கிக்கொண்டிருப்பவர்கள் ஸஹர் உணவுக்குத் திரும்பவும் அது அடையாளம். அதைக் கேட்டு யாரும் உண்பதை நிறுத்த வேண்டியதில்லை. இப்னு உம்மி மக்தூமின் பாங்கு ஒலிக்கும் வரை உண்ணலாம், பருகலாம் என்று நபி (ஸல்) அவர்கள் மக்களுக்கு அறிவித்திருந்தார்கள்.

வெளிச்சத்தைப் பார்த்தே அறிய வேண்டிய நேரம் பஜ்ர். கிழக்கு வானில் விடியலின் வெண்மை பரவும்போதுதான் அந்த நேரம் நுழைகிறது. அந்த வெளிச்சத்தைக் காண முடியாத ஒருவரின் குரலில்தான் ஒரு முழு நகரத்தின் நோன்பும் ஆரம்பமானது. அது எப்படிச் சாத்தியமாயிற்று? அவரிடம் மக்கள் வந்து பொழுது புலர்ந்துவிட்டது என்று சொல்வார்கள். அப்படிச் சொல்லப்படும் வரை அவர் பாங்கு சொல்ல மாட்டார். இதனை ஹதீஸ் கிரந்தங்கள் பதிவு செய்துள்ளன. வானத்தைப் பார்ப்பது மற்றவர்களின் வேலை. குரல் கொடுப்பது அவருடைய வேலை. நேரம் பார்க்கத் தெரியாதவருக்கு இந்தப் பதவி எதற்கு என்று நபியவர்கள் எண்ணவில்லை. அவரால் முடியாத அந்த ஒரு சிறு பகுதியை மற்றவர்கள் செய்து கொடுக்க, முடிந்த பெரும் பகுதியை அவரே செய்தார். இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான ஆதரவு என்று நாம் பேசுவதன் செயல்முறை இதுதான்.

அவருடைய வாழ்வில் சிரமங்கள் இல்லாமல் இல்லை. ஒரு முறை அவர் நபி (ஸல்) அவர்களிடம் சென்று, தமக்குப் பார்வை இல்லை என்றும், வீடு தூரத்தில் இருக்கிறது என்றும், பொருத்தமான வழிகாட்டி ஒருவர் இல்லை என்றும் கூறி, வீட்டிலேயே தொழுவதற்கு அனுமதி கேட்டார். மதீனாவின் வழிகளில் விஷ ஜந்துகள் இருந்ததையும் அவர் எடுத்துச் சொன்னதாக அறிவிக்கப்படுகிறது. பாங்கின் ஓசை கேட்கிறதா என்று நபியவர்கள் வினவினார்கள். கேட்கிறது என்றதும், அதற்குப் பதில் கொடுத்துப் பள்ளிக்கு வருமாறு கூறினார்கள்.

முதலில் இதை வாசித்தபோது இது கடுமையானதோ என்று எனக்குத் தோன்றியது. பின்னர் இத்பான் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் சம்பவத்தையும் சேர்த்து வாசித்தேன். பார்வை மங்கியிருந்த அவர் தம் கூட்டத்தாருக்கு இமாமாகத் தொழுவித்து வந்தார். மழை பெய்தால் இடையிலிருந்த பள்ளத்தாக்கில் வெள்ளம் பெருகி அவரால் கடக்க முடியாமற் போகும். தம் வீட்டுக்கு வந்து ஓர் இடத்தில் தொழுதால் அதையே தாம் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாக அவர் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரழி) அவர்களுடன் அவருடைய வீட்டுக்கே சென்று தொழுதார்கள். தக்க காரணமுள்ளவருக்குச் சலுகை உண்டு என்பதில் மார்க்க அறிஞர்களிடம் ஐயமில்லை. இரண்டு சம்பவங்களையும் ஒன்றாகப் பார்த்தால், இருவருடைய நிலையையும் நபியவர்கள் தனித்தனியே கேட்டறிந்தார்கள் என்பது தெரிகிறது. ஒருவர் ஜமாஅத்துக்கு அழைக்கப்பட்டார். மற்றவரைத் தேடி ஜமாஅத்தே சென்றது. இருவரில் எவரும் வீட்டு மூலையில் மறக்கப்படவில்லை.

அல்லாஹ்வின் பாதையில் போராடுவோரும் வீட்டில் தங்கியிருப்போரும் சமமாக மாட்டார்கள் என்ற கருத்தில் ஸூரா அந்நிஸாவின் 95ஆவது வசனம் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் சொல்ல, ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்கள் அதனை எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்போது அங்கு வந்த இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள், தம்மால் முடியுமாயிருந்தால் தாமும் போராடியிருப்பேனே என்று வேதனையோடு கூறினார்கள். உடனே வஹீ மீண்டும் இறங்கியது. நபியவர்களின் தொடை ஸைதின் தொடை மீது இருந்தது. வஹீயின் பாரத்தால் தம் தொடை நசுங்கிவிடுமோ என்று தாம் அஞ்சியதாக ஸைத் (ரழி) அவர்கள் பின்னர் கூறியுள்ளார்கள். இயலாமையுடையோரைத் தவிர என்ற விதிவிலக்கு அந்த வசனத்தில் இணைந்தது. பார்வையற்ற ஒருவர் தம் மனக்குறையைச் சபையில் எழுந்து சொன்னார். அவருக்கும் அவரைப் போன்ற எல்லோருக்குமான பதில் குர்ஆனிலேயே இடம்பெற்றது.

அவர் முஅத்தினாக மட்டும் இருக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் போர்களுக்காக மதீனாவை விட்டு வெளியேறும்போது, மக்களுக்குத் தொழுவிக்கவும் நகரைக் கவனித்துக்கொள்ளவும் தம் பிரதிநிதி ஒருவரை நியமித்துச் செல்வார்கள். அந்தப் பொறுப்பு இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களுக்குப் பல தடவைகள் வழங்கப்பட்டது. பதின்மூன்று தடவைகள் எனக் கணக்கிட்ட வரலாற்றாசிரியர்களும் உள்ளனர். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹத் போரின்போதும், 5ஆம் ஆண்டு அகழ்ப் போரின்போதும் அவரே தொழுகைக்குப் பொறுப்பாக விடப்பட்டதாக இப்னு ஹிஷாம் குறிப்பிடுகிறார். உஹத் மதீனாவை நடுங்க வைத்த நாள். எழுபது பேரளவில் ஷஹீதானார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில், ஊரிலிருந்தவர்கள் அணிவகுத்துத் தொழுதது கண் தெரியாத ஒரு மனிதருக்குப் பின்னால்தான்.

அவருடைய வீடும் நம்பிக்கைக்குரிய இடமாக இருந்தது. பாத்திமா பின்த் கைஸ் (ரழி) என்ற ஸஹாபிப் பெண்மணி தலாக் விடப்பட்டபோது, ஆட்கள் அதிகம் வந்து போகும் ஒரு வீட்டில் இத்தா இருப்பது அவருக்குச் சிரமமாகும் என்பதால், உறவினரான இப்னு உம்மி மக்தூமின் வீட்டில் இருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆதரவற்று நின்ற ஒரு பெண்ணுக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டின் தலைவராகவும் அவரை நாம் இங்கே காண்கிறோம். உதவி பெறுபவராக மட்டும் நாம் எண்ணும் ஒருவர் உதவி செய்பவராகவும் இருந்தார்.

உமர் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், 636ஆம் ஆண்டளவில், ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்களின் தலைமையில் ஈராக்கின் காதிஸிய்யாவில் பாரசீகப் பேரரசின் படையுடன் பெரும் போர் நடந்தது. இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களும் அங்கே சென்றார்கள். போகாமலிருக்க அவருக்கு அல்லாஹ்வே அனுமதி கொடுத்திருந்தான். ஆனால் அந்த அனுமதி அவர் மீது விழுந்த தடை அல்ல. கண் தெரியாத தம்மால் ஓட முடியாது. ஆகவே கொடியைத் தம்மிடம் தந்து அணிகளுக்கு நடுவே நிறுத்துமாறு அவர் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. கவசம் அணிந்து கறுப்புக் கொடியைப் பிடித்தவாறு அவரைக் காதிஸிய்யாவில் கண்டதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்தக் களத்திலேயே அவர் ஷஹீதானார் என்றும், மதீனாவுக்குத் திரும்பி வபாத்தானார் என்றும் இரு விதமாக அறிவிக்கப்படுகிறது.

இந்த வரலாற்றை வாசித்து முடித்தபோது நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் என் நினைவுக்கு வந்தன. ஜும்ஆ நாளில் விழிப்புலனற்ற ஒருவரையோ நடக்க முடியாத ஒருவரையோ நாம் பெரும்பாலும் பள்ளி வாசற்படியில்தான் காண்கிறோம். அவருடைய கையில் ஸதகாவை வைத்துவிட்டு உள்ளே போகிறோம். இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் வாசலில் அமர்த்தப்படவில்லை. அவர் பாங்கு சொல்லும் இடத்திலும் இமாம் நிற்கும் இடத்திலும் இருந்தார். ஸதகா கொடுப்பது நன்மைதான். ஆனால் பள்ளியின் படிகளுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறக்கூடிய சாய்வுப் பாதை இருக்கிறதா? ஹவுழில் வுழூச் செய்ய உயரமான இருக்கை இருக்கிறதா? குத்பாவின் கருத்தைச் செவிப்புலனற்றவருக்குச் சைகை மொழியில் சொல்ல ஒருவர் இருக்கிறாரா? நம்பிக்கையாளர் சபையில் மாற்றுத்திறனாளி ஒருவர் எப்போதாவது இருந்திருக்கிறாரா?

நமது நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டங்கள் தேவைதான். ஆயினும் நமக்கு அவற்றுக்கு முன்பே ஒரு முன்மாதிரி இருந்தது. வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால் விருந்தாளிகள் வரும்போது உள்ளறையில் வைத்துவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அந்தப் பிள்ளையின் உம்மாவும் வாப்பாவும் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை உண்டாக்குவது நாம்தான். அதை நீக்க வேண்டியவர்களும் நாமே.

அடுத்த ரமழானில் ஸஹர் முடிந்து பஜ்ருடைய பாங்கு கேட்கும்போது, அன்று மதீனாவில் அந்த நேரத்துக்குக் குரல் கொடுத்தவரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். அவருடைய அருகில் நின்று, பொழுது புலர்ந்துவிட்டது என்று சொன்ன பெயர் தெரியாத அந்த மனிதர்களையும் நினைத்துக்கொள்வோம். அவர்களுடைய இடத்தில் இன்று நிற்க வேண்டியவர்கள் நாங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!