70 வயதில் வந்த சொத்து!
ஹாஜி மோசின் எழுதிய பத்திரம்

வங்காளத்தில் ஹூக்ளி என்று ஓர் ஊர். அங்கே 1732-ம் ஆண்டில் பிறந்தவர், ஹாஜி முகமது மோசின்.

அக்காளும் தம்பியும்

மோசினுக்கு ஓர் அக்காள் உண்டு. பெயர், மன்னுஜான். இருவருக்கும் தாய் ஒருவரே, தகப்பனார் வேறு. மன்னுஜானின் தகப்பனார் பெரும் பணக்காரர். ஜெசூர் பகுதியில் இருந்த தம் நிலங்களை மகளுக்குக் கொடுத்தார்.

மோசினுக்குச் சொத்தில் ஆசை இல்லை. அரேபியா, பாரசீகம் என்று பல நாடுகளைச் சுற்றினார். மக்காவுக்குப் போய் ஹஜ் செய்தார். கலியாணமே செய்துகொள்ளவில்லை.

மன்னுஜான் விதவையானார். அவருக்குப் பிள்ளை இல்லை. 1803-ம் ஆண்டில் அவர் இறந்தார். சொத்து முழுவதும் தம்பிக்கு வந்தது. அப்போது மோசினுக்கு வயது 70-க்கு மேல்!

வக்பு

1806-ம் ஆண்டில் மோசின் ஒரு பத்திரம் எழுதினார். நிலங்களை "வக்பு" ஆக்கினார்.

வக்பு என்றால், இறைவன் பெயரால் தருமத்துக்கு விடப்பட்ட சொத்து. அதை விற்கக் கூடாது. வாரிசுகள் பங்கு கேட்க முடியாது.

வருமானத்தை 9 பங்காக்கினார். 3 பங்கு, சமயக் காரியங்களுக்கு. 4 பங்கு, சம்பளத்துக்கும் உதவித் தொகைக்கும். மீதி 2 பங்கு, நிர்வாகம் செய்யும் இரண்டு முத்தவல்லிகளுக்கு.

1812-ம் ஆண்டில் மோசின் காலமானார்.

வேலியே பயிரை மேய்ந்தது

காவல் காக்க வேண்டிய முத்தவல்லிகளே பணத்தைக் கையாடினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. வழக்கு நடந்தது. சேர்ந்த பணத்தில் 1836-ம் ஆண்டில் ஹூக்ளியில் கல்லூரி திறந்தார்கள். நாவலாசிரியர் பங்கிம் சந்திரரும் அங்கே படித்தவரே.

ஆனால் அங்கே முஸ்லிம் மாணவர்கள் மிகச் சிலர்தான். மோசினின் பணம் ஏழை முஸ்லிம்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று குறை எழுந்தது.

வழி பிறந்தது

1873-ம் ஆண்டில் அரசாங்கம் இறங்கி வந்தது. மோசினின் பணம் முஸ்லிம்களின் படிப்புக்கே திரும்பியது. டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாகி ஆகிய ஊர்களில் மதரசாக்கள் நடந்தன. ஏழை மாணவர்களின் பள்ளிச் சம்பளத்துக்கும் உதவி கிடைத்தது.

கிழக்கு வங்கத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஏர் பிடித்த குடியானவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் படிப்பின் வாசல் திறந்தது.

ஹூக்ளிக் கல்லூரிக்கு 1936-ம் ஆண்டில் மோசின் பெயரைச் சூட்டினார்கள்.

தருமம் எழுதி வைத்தால் மட்டும் போதாது. அதைக் காப்பாற்றவும் ஆள் வேண்டும். காப்பாற்றியதால்தான், பிள்ளை இல்லாத மோசினின் நிலம் ஊரார் பிள்ளைகளைப் படிக்க வைத்தது.