ஜான் பிரையர் சரித்திரம்

இரு பாஷைகளை அறிந்தவர் எந்த நூலையும் மொழிபெயர்த்துவிடலாம் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழையென்பதைத் தம் வாழ்வாற் காட்டியவர் ஜான் பிரையர் என்னும் ஆங்கிலேயர்.

1839-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1861-இல் ஹாங்காங் சேர்ந்து, பின்னர்ப் பீக்கிங்கிலும் ஷாங்காயிலும் ஆங்கிலம் கற்பித்தார். அக்காலத்தில் சீன அரசாங்கத்தார் ஷாங்காயில் கியாங்நான் ஆயுதசாலையை நிறுவியிருந்தனர். மேனாட்டு இயந்திரங்கள் வந்தன. அவற்றின் சாஸ்திரத்தைச் சீனத்தில் உரைக்க வல்லாரோ அரியராயினர். 1868-இல் அப்பணியை ஏற்ற பிரையர் சாஸ்திரப் பயிற்சி பெற்றவரல்லர். ஆதலின் தாமே மாணாக்கராகி இரசாயனம் முதலியவற்றைக் கற்றார். பின்பு அவர் நூற்பொருளைச் சீனத்தில் வாயாற் சொல்ல, சூ ஷோ என்னும் சீன அறிஞர் அதனைச் செவ்விய நடையில் எழுதுவார். ஐயம் நேரின் இருவரும் கூடி ஆராய்ந்து தெளிவர்.

சீனத்திற் பெயரில்லாத உலோகங்களுக்கு, உலோகத்தைக் குறிக்கும் எழுத்துறுப்போடு மேனாட்டுப் பெயரின் ஓரசையொலியைத் தரும் உறுப்பை இணைத்துப் பெயர் வகுத்தனர். 1871-இல் வெளிவந்த அவர்களது இரசாயன நூலிற் கண்ட பெயர்களுட் பல இன்றும் சீனத்தில் வழங்குகின்றன.

இருபத்தெட்டு ஆண்டுகள் இவ்வாறு உழைத்த பிரையர், 1896-இல் அமெரிக்கா சென்று, கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்து, 1928-இற் காலமானார்.

மொழிபெயர்க்கப் புகுவோர் முதலிற் பொருளைக் கற்கவேண்டும் என்பதும், தமக்கு எட்டாததை அறிந்தாரோடு கூடி முடிக்கவேண்டும் என்பதும் இவர் சரித்திரம் நமக்குப் போதிப்பனவாம்.