ஜான் ஆலன்

ஜான் விட்பி ஆலன் (ஜூலை 2, 1913 – ஜனவரி 6, 1973) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மாதிரி இருப்புப்பாதைக் கலைஞரும் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். கலிபோர்னியா மாநிலத்தின் மான்டெரே நகரில் தம் வீட்டு அடித்தளத்தில் இவர் அமைத்த கோரி அண்ட் டஃபீட்டட் என்னும் மாதிரி இருப்புப்பாதை, இத்துறையில் மிகவும் புகழ்பெற்றவற்றுள் ஒன்றாகும். கட்டடங்களையும் பாலங்களையும் மூலப்பொருட்களிலிருந்தே கையால் உருவாக்கியதற்காகவும், அவற்றுக்குப் பழமைத் தோற்றம் அளித்ததற்காகவும் இவர் நினைவுகூரப்படுகிறார்.

வாழ்க்கை

ஆலன் மிசூரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். வாதக் காய்ச்சலால் இவரது இதயம் வாழ்நாள் முழுவதும் பலவீனமாகவே இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒளிப்படத் தொழிலில் ஈடுபட்டிருந்த இவர், 1946 இல் அத்தொழிலை விட்டு மான்டெரேக்குக் குடிபெயர்ந்தார். சிக்கனமாக வாழ்ந்து, முன்னர்ச் செய்த முதலீடுகளின் வருவாயைக் கொண்டே எஞ்சிய காலத்தைக் கழித்தார். அதனால் முழுநேரமும் இக்கலைக்கே கிடைத்தது.

கோரி அண்ட் டஃபீட்டட்

இப்பெயர் ஒரு சொல் விளையாட்டு. வேறு எழுத்துக்களில் எழுதப்பட்டாலும், உரக்கப் படித்தால் ஆங்கிலத்தில் ‘குருதி தோய்ந்து தோற்றுப்போன’ என்று பொருள்படும். முதலில் 1946 இல் தொடங்கப்பட்ட அமைப்பு ஏறத்தாழ 7 அடி நீளமும் மூன்றரை அடி அகலமும் மட்டுமே கொண்டிருந்தது. பின்னர் அது விரிவாக்கப்பட்டது. 1950களில் புதிய வீட்டின் அடித்தளத்தில் தொடங்கப்பட்ட மூன்றாவது அமைப்பில் இந்த முதல் துண்டும் இணைக்கப்பட்டது.

இதன் அளவுவிகிதம் 1:87 ஆகும். அதாவது 6 அடி உயர மனிதன் இங்கு சுமார் 21 மில்லிமீட்டர் உயரமே இருப்பான். முதன்மைப் பாதையுடன் டெவில்ஸ் கல்ச் அண்ட் ஹெலென்கான் என்ற நேரோ கேஜ் பாதையும் இருந்தது. அமெரிக்க மலைச் சுரங்கப் பகுதிகளில் வழங்கிய 3 அடி அகலப் பாதையைக் குறிக்க, இதன் தண்டவாளங்கள் 10.5 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்தன. இரண்டாம் பெயரிலும் இதே வகை விளையாட்டு உண்டு.

மலைகள் தரையிலிருந்து கூரை வரை எழுந்தன. பார்வையாளர் பள்ளத்தாக்கின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்படி பாதைகள் பல மட்டங்களில் சென்றன. தொலைவில் இருப்பதாகக் காட்ட வேண்டிய கட்டடங்களை ஆலன் வேண்டுமென்றே சிறிய அளவில் செய்து பின்புறம் வைத்தார். சில இடங்களில் கண்ணாடிகளை மறைவாகப் பொருத்தி இடத்தை இரட்டிப்பாகக் காட்டினார்.

கட்டடங்களும் பழமைத் தோற்றமும்

ஆலன் 1940களில் செய்த இயந்திரக் கொட்டகை இவருக்குப் பெயர் பெற்றுத் தந்த முதல் படைப்புக்களுள் ஒன்றாகும். பிற்காலத்தில் ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ் நிறுவனம் அதனைப் பின்பற்றி ஒரு கட்டுமானத் தொகுதியை வெளியிட்டது. கடையில் வாங்கிய தொகுதி தன் வடிவத்தைத் தானே வற்புறுத்தும். மரச் சட்டங்களிலிருந்து தொடங்குபவரோ, இடத்துக்கும் தேவைக்கும் ஏற்பக் கட்டடத்தை அமைத்துக்கொள்ளலாம். சரிவான பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குடில், வளைந்த பள்ளத்தைக் கடக்கும் மரப்பாலம் போன்றவற்றுக்கு இதுவே ஏற்ற வழியாகும்.

அக்காலத்தில் பலர் தம் மாதிரிகளைப் புதிதாக, பளபளப்பாக வைத்திருக்கவே விரும்பினர். ஆலன் துரு, புகைக்கரி, உரிந்த வண்ணம், தொய்ந்த கூரை ஆகியவற்றைத் தம் படைப்புக்களில் காட்டினார். இது இன்று பொதுவான நடைமுறையாகிவிட்டதால் அதன் புதுமையை உணர்வது சற்றுக் கடினம். இவரது காட்சிகள் மிகைப்படுத்தப்பட்டவை என்ற குறையும் கூறப்படுவதுண்டு. ஆனால் மிகை இவர் அறிந்தே செய்ததாகும். 13 எனும் எண் கொண்ட இவரது இழுவை ‘இயந்திரம்’, எம்மா என்று பெயரிடப்பட்ட ஸ்டெகோசாரஸ் வகைத் தொன்மாவாகும்! எனினும் இவ்வேடிக்கைகளுக்கு நடுவே தொடருந்துகள், நண்பர்கள் பங்கெடுக்க, கால அட்டவணைப்படி ஒழுங்காக இயக்கப்பட்டன. பெட்டிகளைத் தடம் மாற்றி அடுக்கும் டைம்சேவர் என்ற புதிர் விளையாட்டையும் இவரே உருவாக்கினார்.

ஒளிப்படங்கள்

மாடல் ரெயில்ரோடர் இதழிலும் வார்னி நிறுவன விளம்பரங்களிலும் வெளிவந்த ஒளிப்படங்கள் மூலமே பெரும்பாலோர் இவ்வமைப்பை அறிந்தனர். முன்னணியும் பின்னணியும் ஒருசேரத் தெளிவாகத் தெரிய, மிகச் சிறிய துளையும் நீண்ட நேர ஒளியேற்றமும் இவ்வகைப் படங்களுக்குத் தேவைப்படும். தொழில்முறைப் பயிற்சி ஆலனுக்கு இதில் பெரிதும் கைகொடுத்தது.

இறப்பும் தீவிபத்தும்

ஆலன் 1973 ஜனவரி 6 அன்று மாரடைப்பால் காலமானார். பத்து நாட்களுக்குப் பின் அவ்வீட்டில் ஏற்பட்ட தீ, மாதிரி இருப்புப்பாதையின் பெரும்பகுதியை அழித்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகால உழைப்பில் சிற்சில பொருட்களே எஞ்சின. இதனால் ஆலன் எடுத்த படங்களே அவ்வமைப்பின் முதன்மை ஆவணங்களாயின. மாடல் ரெயில்ரோடர் இதழின் முன்னாள் ஆசிரியர் லின் வெஸ்ட்காட் இப்படங்களுடன் எழுதிய நூல், அவரது மறைவுக்குப் பின் 1981 இல் கால்ம்பாக் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது.